வாசல் மிதிக்காமல் படித்த வலைப்பூ

போன மாதம் என் கைப்பேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. வலைப்பூக்கள் படிக்க நான் பல வருடமாகப் பயன்படுத்திவந்த ஃபீட் ரீடரை மூடப்போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் உங்கள் வலைப்பூ முகவரிகளை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். மரியாதையாகச் சொன்னாலும் காலி செய் என்பது காலி செய் என்பதுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கடையில் கூட்டம் வேறு. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வந்த பெரியவர் ஒருவரின் ஆதார் அட்டையைத் தலைகீழாக வைத்து நகல் எடுத்துவிட்டேன்.

ஃபீட் ரீடர் என்றால் என்னவென்று இந்தக் காலத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். நமக்குப் பிடித்த வலைப்பூக்களின் முகவரிகளை அதில் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். யார் எப்போது புதிதாக எழுதினாலும் அது போய் எடுத்துவந்து ஒரே இடத்தில் வரிசையாக வைத்துவிடும். நாம் ஒவ்வொரு வலைப்பூவாகப் போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தமிழில் ஓடை வாசிப்பான் என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். நாங்கள் ரீடர் என்றே சொன்னோம்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னாம்மா, இன்னுமா பிளாக் படிச்சிக்கினு இருக்க? அதெல்லாம் செத்துப் பூட்சி."

அவன் சொன்னது முழுப் பொய்யில்லை. என் ரீடரில் இருந்த வலைப்பூக்களில் பெரும்பாலானவை பேச்சு மூச்சில்லாமல் கிடந்தன. சமையல் எழுதிய அம்மா, கோயில் கோயிலாகப் போய் எழுதிய வங்கி ஊழியர், துபாயில் இருந்துகொண்டு தினமும் ஊரைத் திட்டியவர், எல்லோரும் எழுதுவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று, என் தம்பியுடையது. அந்த ஒருவனைப் படிக்கத்தான் எனக்கு ரீடர் வேண்டும். அவன் வலைப்பூவுக்கு நேராகப் போய்ப் படிக்கக் கூடாதா என்று கேட்டால், போக முடியாது. அவன் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்.

அந்தக் கதை, இப்போது என்னைக் கிண்டல் செய்யும் இதே மகனுக்குக் காது குத்திய நாளில் நடந்தது. வடக்கனந்தலில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தோம். என் அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குத் தாய்வீடு என்றால் களமருதூரில் தம்பி இருந்த வீடு ஒன்றுதான். தம்பிக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. விடியற்காலை பஸ்ஸில் இறங்கிச் சீர்த்தட்டோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்.

முந்தின நாள் இரவு மலையில் பேய் மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. மலையில் அப்போது போன் கிடையாது, சிக்னல் கிடையாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். மாமியார் வீட்டு ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் என் பெரியப்பா மகனும் மாமன் முறைதானே என்று அவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். நானும் சரி என்றேன். இரண்டாவது காதும் குத்தி, பிள்ளை வீறிட்டு அழும்போது தம்பி வந்து நின்றான். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. பாதி மலை நடந்தே இறங்கியிருக்கிறான். தலையில் சீர்த்தட்டு.

"என் மடியில இன்னா முள்ளா இருக்குது?" என்று கேட்டான்.

"நல்ல நேரம் உனக்கோசரம் நிக்குமா?" என்று நானும் கேட்டேன்.

"இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காத போ. நானும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பந்தலுக்கு வெளியே தட்டை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். என் மேல் தப்பா அவன் மேல் தப்பா என்று எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. என்னைக் கேட்டால், மழை மேல் தப்பு.

எங்கள் பக்கம் பேசாமல் இருப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போவோம், மொய் எழுதுவோம், எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முகம் பார்த்துப் பேச மாட்டோம். ஒருமுறை திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் என் இலைக்கு அப்பளம் வைக்காமல் போய்விட்டார்கள். தம்பி பரிமாறுகிற ஆளிடம், "எதிர்ப் பந்தியில ஒரு எலைக்கு அப்பளம் வெக்கல பாருங்க" என்றான். நான் அந்த அப்பளத்தைச் சாப்பிட்டேன். அதற்காகப் பேசிவிட முடியுமா?

அப்படி இருந்த காலத்தில்தான் அவன் வலைப்பூவைக் கண்டுபிடித்தேன். கடைக்கு இன்டர்நெட் வந்த புதிது. யாரெல்லாம் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று காட்டும் தமிழ்த் திரட்டிகள் அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. பதிவு போட்ட ஐந்தாவது நிமிடம் யாராவது வந்து "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று பின்னூட்டம் போடுவார்கள். பெயர் சொல்லாத அனானிகள் வந்து சண்டை மூட்டுவார்கள். நகல் எடுக்கிற இயந்திரம் சூடாகும் நேரத்தில் நான் இரண்டு பதிவு படித்துவிடுவேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எதையும் படித்ததில்லை. காசு வாங்காமல், யாரும் கேட்காமல், பொழுது போகாதவர்களும் பொழுதே இல்லாதவர்களும் எழுதிக் குவித்த காலம் அது.

ஒருநாள் திரட்டியில், "எனக்குத் தெரிந்த ஒரு பிடிவாதக்காரி" என்று ஒரு தலைப்பு. மலையில் மருந்து கொடுக்கிற ஒருவர் புனைபெயரில் எழுதியிருந்தார். களமருதூர்ப் பக்கம் ஒரு பெண் இருந்தாளாம். மாங்கொட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பொழுதுக்கும் சோறு தின்னாமல் வைக்கோல் போரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாளாம். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அது நான்தான். கொட்டையை அவனுக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் அன்றைக்கு முறை என்னுடையது என்பதை ஏன் எழுதவில்லை?

அந்தக் கோபத்தில் அவன் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடை மூடுகிற நேரம் தாண்டியிருந்தது.

வீட்டில் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டு, "அப்ப அவன் வாசப்படிய மிதிச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லு" என்றார்.

"அது எப்படிங்க வாசப்படி ஆவும்?"

"அவன் எடம்தான? அவன் தொறந்து வெச்சிருக்கான், நீ உள்ள போயி பாத்துட்டு வந்திருக்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது உறைத்துவிட்டது. மறுநாள் கவனித்துப் பார்த்தால், அவன் வலைப்பூவின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. இதுவரை வந்தவர்கள் இத்தனை பேர், இப்போது வந்திருப்பவர் இன்ன ஊர்க்காரர் என்று காட்டியது. நான் போனால் ஒருநாள் விழுப்புரம் என்று வரும், ஒருநாள் கள்ளக்குறிச்சி என்றே வரும். இவ்வளவு வீம்பு பேசியவள் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று தெரிந்தால் அவன் சும்மா இருப்பானா? அதற்கும் ஒரு பதிவு போடுவான்.

அப்போதுதான் ரீடரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதில் படித்தால் அந்தப் பெட்டியில் ஊர்ப் பெயர் விழாது, வந்தவர் கணக்கும் ஏறாது. அவன் எழுதியது என்னிடம் வரும், நான் அவனிடம் போக மாட்டேன். எனக்கென்றே செய்தது போல இருந்தது. அவன் பெயர் தனியாகத் தெரியக்கூடாது என்று இன்னும் இருபது முப்பது பேரைக் கூடவே சேர்த்துக்கொண்டேன். யாருக்குத் தெரியக்கூடாது என்று கேட்காதீர்கள்.

மலையில் அவனுக்கு நெட் வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வந்து, அந்த வாரம் எழுதியதையெல்லாம் மொத்தமாக ஏற்றுவான். ஞாயிறு மதியம் என் ரீடரில் அவன் பெயருக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் எண் தெரியும். கறிக்குழம்பு அடுப்பில் இருந்தாலும் சரி, இறக்கி வைத்துவிட்டுப் படிப்பேன். பலாப்பழ சீசனில் மருந்து அறைக்குள் மாத்திரை வாசமே தெரியவில்லை என்று எழுதியிருப்பான். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்த மலைக்காரப் பாட்டி, மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க நெலவேம்பே ஜாஸ்தி கசக்கும், இது கம்மிதான்" என்று குறை சொன்னதை எழுதியிருப்பான். மரவள்ளி ஏற்றிய லாரி வளைவில் மாட்டிக்கொண்டு, ஊரே சேர்ந்து தள்ளியதை எழுதியிருப்பான். மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே பார்த்தால் மலை தெரியும். மேகம் இறங்கியிருந்தால், இன்றைக்கு இதைப் பற்றி எழுதுவான் என்று நினைத்துக்கொள்வேன். எழுதியிருப்பான்.

சில சமயம் பொய்யும் எழுதுவான். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து தானே ஏறி வந்ததாக ஒரு பதிவு. கயிறு போட்டது நான்! உள்ளங்கைத் தோல் உரிந்து மூன்று நாள் சோறு பிசைய முடியாமல் கிடந்தது நான்! "பொய் சொல்லாதே, கயிறு போட்டது யார் என்று நினைத்துப் பார்" என்று பின்னூட்டம் தட்டிவிட்டேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன். யார் முதலில் பேசுவது என்பதுதானே இத்தனை வருடமாக எங்கள் சண்டையே.

ஒரு பொங்கலுக்கு அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். "இந்த வருஷமும் யாருக்கும் சீர் கொண்டுபோகவில்லை." அன்றைக்குக் கடையில் யாரும் இல்லை. நல்லவேளை. நன்றாக அழுதேன்.

முதலில் இருந்த ரீடரையும் ஒருநாள் இப்படித்தான் மூடினார்கள். அப்போது பதிவர்கள் எல்லோரும் கூட்டமாக ஒப்பாரி வைத்தார்கள். ஆளாளுக்கு எது நல்ல ரீடர் என்று பதிவு போட்டார்கள். ஒரே நாளில் இன்னொன்றுக்கு மாறிவிட்டேன். இந்த முறை ஒப்பாரி வைக்க ஆளில்லை. நானே தேடினேன்.

முதலில் பார்த்தது படம் படமாகக் காட்டியது. தம்பி எழுதியதற்கு நடுவே, "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று யார் யாரோ எழுதியதையும் திணித்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? எடுத்துவிட்டேன். இரண்டாவது இன்னும் மோசம். முக்கியமானதை மேலே வைக்கிறேன் என்று அதுவே வரிசைப்படுத்திக்கொண்டது. இப்போதெல்லாம் எப்போதாவதுதான் எழுதுகிறான் என்பதால் தம்பியைக் கடைசியில் தள்ளிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் தம்பி முக்கியமில்லை என்று சொல்ல இது யார்?

மூன்றாவது சாதுவாக இருந்தது. எழுதிய வரிசையில் எழுதியதை மட்டும் காட்டியது. சரி, இதுவே போதும் என்று தம்பியின் முகவரியைக் கொடுத்தேன். வந்த பதிவுக்குத் தலைப்பு "நிலை". கீழே இரண்டே வரி.

"கச்சிராயபாளையத்தில் வீடு கட்டுகிறேன். வாசலுக்கு நிலை செய்து வந்துவிட்டது. ஆனால்"

அவ்வளவுதான். அதற்குக் கீழே "மேலும் படிக்க" என்று ஓர் இணைப்பு. அதைத் தொட்டால் நேராக அவன் வலைப்பூவில் போய் நிற்கும்.

ரீடரில்தான் கோளாறு என்று நினைத்தேன். பழைய ரீடரைத் திறந்து பார்த்தேன், அதிலும் அப்படியே. அவன்தான் மாற்றியிருக்கிறான். ரீடருக்கு முழுப் பதிவையும் அனுப்புவதா, முதல் இரண்டு வரியை மட்டும் அனுப்புவதா என்று முடிவு செய்வது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. இத்தனை வருடம் முழுதாக அனுப்பிக்கொண்டிருந்தவன் இப்போது வெட்டிவிட்டான். அதுவும் "ஆனால்" என்று சொல்லிவிட்டு!

வெட்டிய பதிவையும் போய் முழுதாக இழுத்துவரும் ரீடர்கள் இருக்கின்றன என்று படித்திருந்தேன். நான்காவதாக அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள வுட்டு மிதிக்கிறதும் மிதிக்கிறதுதான்" என்றார்.

"நீங்க சும்மா இருக்க மாட்டீங்களா?"

அந்த ரீடரும் சுற்று சுற்றென்று சுற்றிவிட்டு, முழுப் பதிவை எடுக்க முடியவில்லை என்று கையை விரித்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் என்ன? நிலை கோணலா? பணம் பற்றவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? கச்சிராயபாளையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடுகிற தூரம். அங்கே வீடு கட்டுகிறான் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்த வேதனை வேறு.

மூன்றாம் நாள் கடையில் கரண்ட் போய் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கைப்பேசியை எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்தேன். "மேலும் படிக்க" என்பதைத் தொட்டேன்.

"ஆனால் நிலையை இன்னும் வைக்கவில்லை. நிலைக்கு முதல் மஞ்சள் கூடப்பிறந்தவள் கையால் பூச வேண்டும். என் கூடப்பிறந்தவள் என் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள். சொன்னால் சொன்னதுதான், அவளை எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது களமருதூர் வாசலை. இந்த வீட்டுக்கு இன்னும் வாசலே இல்லை. செங்கல்லுக்கு நடுவில் ஒரு சந்துதான் இருக்கிறது. நிலை வைக்காத இடத்தை யாரும் வாசல் என்று சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை காலை வைப்பதாக இருக்கிறேன். அவள் வராவிட்டால் வைப்பதாக இல்லை.

"ஓடையை வேண்டுமென்றேதான் வெட்டினேன். ஓடை வழியாக என்னைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு ஒரு கணக்கு காட்டும். ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. ஆரம்பத்தில் வந்தவர் பெட்டியில் கள்ளக்குறிச்சி என்று விழுந்ததிலிருந்தே அது யார் என்று எனக்குத் தெரியும். அப்படியே விட்டால் இந்தப் பதிவையும் அங்கேயே படித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்."

மறுபடியும் படித்தேன். கரண்ட் வந்ததும் ஒரு பையன் வந்து ஜெராக்ஸ் கேட்டான். நாளைக்கு வா என்று சொல்லிவிட்டேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். எதையாவது சொல்லிக் கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தப் போய்விட்டார். கச்சிராயபாளையத்தில் அணைக்குப் போகிற ரோட்டில் பூசாத செங்கல் சுவர்கள், நடுவில் அவன் எழுதிய அதே சந்து. தம்பிக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். உடனே கொத்தனார் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வந்தவங்களுக்கு மோர் குடுங்க மேஸ்திரி."

"மோரு வாணாம் மேஸ்திரி. மஞ்சள் எங்க இருக்குதுன்னு கேளுங்க" என்றேன்.

பாவம் அந்த மேஸ்திரி, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். மஞ்சளை நானே எடுத்துக் குழைத்துப் பூசினேன், பொட்டு வைத்தேன், மாவிலை கட்டினேன். நாலு பேர் சேர்ந்து நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். நல்ல கனம். அடியில் நவதானியம் வைக்க நான் குனிந்து கையை விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பக்கம் பிடித்திருந்தவருக்குக் கால் வழுக்கி, நிலை என் பக்கம் சாய்ந்தது.

"அக்கா! கைய எடு! கைய எடு அக்கா!"

எடுத்துவிட்டேன். நிலை தரையில் டமாரென்று உட்கார்ந்தது. மற்றவர்கள் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி என் கையை வெடுக்கென்று இழுத்து, மஞ்சள் ஒட்டுவதைக்கூடப் பார்க்காமல் விரல் விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"நசுங்கிட்சா? எங்க வலிக்குது? சொல்லு."

"ஒண்ணும் ஆவலடா" என்றேன். என் கையை அவன் விடவில்லை.